சொர்ணத்துக்கு ஒரு வார்த்தை

குரு என்றால் தாடியும் காவியும் இருக்க வேண்டும் என்று யார் சொன்னதோ, எனக்குத் தெரியாது. எங்கள் கடையில் குரு என்றால் ஜெசிந்தா மாஸ்டர்தான். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, தூத்துக்குடி பீச் ரோட்டில் கேஸ் கிரில் முன்னால் நின்று கோழி வாட்டுகிற பெண். வயது நாற்பதுக்குள்தான் இருக்கும். பேச்சு ரொம்பக் குறைவு. நான் அதே கடையில் பரோட்டா போடுகிறவன். எனக்கு வாய் ஜாஸ்தி. அவருக்கும் சேர்த்து நானே பேசிவிடுவேன்.

சீடர் வந்தது ஒரு மத்தியான நேரம். கடை இன்னும் திறக்கவில்லை. மாஸ்டர் கிரில்லின் அடித்தட்டை உருவிப் போட்டுச் சுரண்டிக்கொண்டிருந்தார். கோழியிலிருந்து உருகி வடிகிற கொழுப்பெல்லாம் அந்தத் தட்டில்தான் விழும். தினமும் சுரண்டி, சோப்பு போட்டுத் தேய்த்த பிறகுதான் அவர் அடுப்பையே பற்றவைப்பார்.

வாசலில் ஒரு பெரியவர் வந்து நின்றார். அறுபது வயதிருக்கும். சட்டைப் பொத்தான் மாற்றிப் போட்டிருந்தது.

"இங்க கிரில் மாஸ்டர் யாரு?"

"நான்தான் அண்ணாச்சி. கடை அஞ்சு மணிக்கு மேலதான்."

"பார்சலுக்கு வரலம்மா. ஒரு கேள்வி கேக்கணும்."

"கேளுங்க."

"கிரில்லுல தீ மேல எந்திரிச்சிட்டு. அதுல ஒருத்தி தண்ணிய ஊத்திட்டா. பக்கத்துல நின்னவன் செத்துட்டான். தண்ணி ஊத்தினதாலதான் செத்தானா? இல்ல, ஊத்தாம இருந்தாலும் செத்துத்தான் போயிருப்பானா?"

மாஸ்டர் சுரண்டுகிற கரண்டியைக் கீழே வைத்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க. செத்தது யாரு?"

"எம் மவன்."

பேர் பேச்சிமுத்து. ஊர் எட்டயபுரம். அவரும் அவர் சம்சாரம் சொர்ணமும் முப்பது வருசமாக ரோட்டோரம் தோசைக்கடை போட்டவர்கள். ஒரே பையன், ரத்தினவேல். தோசையை நம்பி இனிமேல் காலம் தள்ள முடியாது என்று அவன் ஒரு கேஸ் கிரில்லை வாங்கிவந்து கடைக்குப் பக்கத்திலேயே போட்டிருக்கிறான். சாயங்காலமானால் நல்ல கூட்டம். ஒரு நாள் திடீரென்று கிரில்லில் ஆள் உயரத்துக்குத் தீ. பையன் கோழியை இழுத்துப் போடப் பார்த்திருக்கிறான். தோசைக்கல் முன்னால் நின்ற சொர்ணம், பக்கத்தில் இருந்த சொம்புத் தண்ணீரை எடுத்து வீசியிருக்கிறாள். தீ பொங்கிப் பையன்மேலேயே விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் கிடந்து போய்விட்டான்.

"தோசைக்கல்லு ரொம்பக் காஞ்சுபோச்சுன்னா தண்ணி தெளிப்போம்லா மாஸ்டரம்மா, அந்தக் கை அது. முப்பது வருசமா தெளிச்ச கை. அது யோசிக்கல."

நான் மாவு பிசைவதை நிறுத்திவிட்டேன்.

"அவங்க இப்ப எப்படி இருக்காங்க?" என்று கேட்டார் மாஸ்டர்.

"அந்தக் கையை மடியிலயே வச்சிருக்கா. தலை சீவ, சாமி கும்பிட, எதுக்கும் அது வராது. சோத்தை இடது கையால அள்ளுதா. ரெண்டு வாய். அதோட தட்டைத் தள்ளிருதா. ஊட்டிவிட்டாலும் வாங்க மாட்டேங்கா. ஆளு பாதியாப் போயிட்டா. இப்படியே போனா அவளையும் கொண்டுபோய் அவன் பக்கத்துல வச்சிட்டு வந்திருவேன்."

துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரே ஒரு வார்த்தைதாம்மா. 'தண்ணியால இல்ல, எப்படியும் போயிருப்பான்'னு ஒரு வார்த்தை. நான் சொன்னா நம்ப மாட்டேங்கா. உங்களுக்கு என்ன தெரியும்னு கேக்கா. கிரில் மாஸ்டர் சொன்னாங்கன்னா நம்புவா. அதை வாங்கிட்டுப் போகத்தான் பஸ் ஏறி வந்தேன்."

என் வாய் சும்மா இருக்குமா?

"தண்ணியால இல்ல அண்ணாச்சி. தைரியமாப் போய்ச் சொல்லுங்க" என்றேன்.

மாஸ்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் மாவுப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அண்ணாச்சி, எனக்குத் தெரியாததை நான் சொல்ல மாட்டேன்."

"என்ன தெரியணும் உங்களுக்கு?"

"அந்தத் தீ எப்படி எந்திரிச்சதுன்னு."

"அது எனக்கே தெரியலையேம்மா."

"அப்ப கொஞ்ச நாள் வந்து எங்கூட நில்லுங்க."

இப்படித்தான் அறுபது வயசு மனிதர், தன்னைவிட இருபது வயசு சின்னப் பொம்பளைக்குச் சீடரானார். தினமும் மத்தியான பஸ்ஸில் வருவார். ராத்திரி சொர்ணம் தனியாக இருப்பாள் என்று விளக்கு வைத்ததும் கிளம்பிவிடுவார். வந்ததும் முதல் வேலையாகக் கேட்பார்.

"சொல்லுதீங்களா மாஸ்டரம்மா?"

மாஸ்டர் பதிலுக்கு ஒரு வேலை கொடுப்பார். அவர் கற்றுக்கொடுக்கிற விதமே அதுதான்.

ஒரு நாள் கிண்ணத்தில் சோப்புத் தண்ணீரைக் கொடுத்து, கேஸ் டியூப் நெடுகத் தடவச் சொன்னார். நுரை எங்கேயும் குமிழ் விடவில்லை என்று பார்த்த பிறகுதான் சிலிண்டரை முழுசாகத் திறக்கலாம். இன்னொரு நாள், கிரில் மூடியைத் திறந்துவைத்துவிட்டுத்தான் பற்றவைக்க வேண்டும் என்றார். மூடிக்குள்ளே கேஸ் தங்கிவிட்டால், குச்சியைக் கிழித்ததும் முகத்தில் அடிக்கும். பெரியவர் எல்லாவற்றையும் சமர்த்தாகச் செய்வார். ஆனால் கோழியில் தொங்குகிற தோலையும் கொழுப்பையும் நறுக்கி எறியச் சொன்னபோது மட்டும் கை வரவில்லை.

"கொழுப்புதானம்மா ருசி?"

"ருசிதான். தீக்கும் அதே ருசிதான் பிடிக்கும்."

கம்பியில் பாதி இடத்தில்தான் மாஸ்டர் கோழியைப் பரப்புவார். மற்றப் பாதி சும்மா கிடக்கும். அதன் அடியில் பர்னரைக்கூடப் பற்றவைக்க மாட்டார். தோசைக்கடைக்காரருக்கு அது தாங்கவில்லை.

"இவ்வளவு இடத்தை எதுக்கு வீணடிக்கீங்க?"

"தீ எந்திரிச்சா கோழி ஓடிப்போய் நிக்க ஒரு இடம் வேண்டாமா?"

சொன்ன அன்றைக்கே ஒரு துண்டிலிருந்து கொழுப்பு சொட்டி, ஒரு சாண் தீ எழுந்தது. மாஸ்டர் இடுக்கியால் துண்டுகளை அந்தப் பக்கம் தள்ளினார், பர்னரைக் குறைத்தார். தீ அடங்கிவிட்டது. கூப்பிட்டு வந்து பார்க்கிற அளவுக்குக்கூட அதில் ஒன்றும் இல்லை. திரும்பினால் பேச்சிமுத்து அண்ணாச்சியைக் காணோம். பின்பக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான்தான் போய்த் தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்தேன்.

பிறகு அந்த நாள் வந்தது. மாஸ்டர் தட்டைச் சோப்பு போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை.

"இப்படித் தேய்க்காதீங்கம்மா. தேய்ச்சா இரும்பு பழக்கம் விட்டுப்போகும். எங்க கல்லுல முப்பது வருசமா சோப்பு பட்டதில்ல. எண்ணெயைக் குடிச்சுக் குடிச்சு எப்படி இருக்கும் தெரியுமா? தோசை தானா எந்திரிச்சு வரும்."

மாஸ்டரின் கை நின்றுவிட்டது.

"கிரில்லையும் அப்படித்தான் வச்சிருந்தீங்களா?"

"பின்னே? கம்பி, தட்டு, எதையும் கழுவ விட்டதில்ல. எம் மவன் முதல்ல சோப்பைத் தூக்கிட்டு வந்தான். விட்டேனா நான்? 'கல்லைப் பழக்கத் தெரியாதவன் என்னல கடை போடுத'ன்னு ஒரு சத்தம் போட்டேன் பாருங்க, சோப்பைக் கீழ போட்டுட்டு ஓடிட்டான்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். மகன் ஓடினது கண்ணுக்குள் வந்திருக்கும் போல. அவர் சிரித்து நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை. மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு தட்டைத் தேய்த்தார். தேய்த்த இடத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்தார்.

அன்றைக்கு முதல், தினமும் சுரண்டி எடுத்த கொழுப்பை வெளியே கொட்டாமல் பழைய தட்டு ஒன்றில் போட்டு வைத்தார். எதற்கு என்று நான் கேட்காமலே எனக்குப் புரிந்தது. அண்ணாச்சி பஸ்ஸுக்குப் போன பிறகு மாஸ்டரிடம் வாயை விட்டேன்.

"மாஸ்டர், சொல்லாம விட்டுரலாமே. பாவம் மனுசன், இதைத் தாங்குவாரா?"

"அங்க ஒருத்தி சோறு திங்காமக் கிடக்கா."

"அதுக்குத்தான் ஒரு பொய் சொல்லுங்கங்கேன்."

"எத்தனை நாளைக்கு அந்தப் பொய் சோறு போடும்?"

எனக்குக் கோபம்தான் வந்தது. இந்தப் பொம்பளைக்கு நெஞ்சில் ஈரமே இல்லையா என்று நினைத்தேன்.

ஒரு வாரம் போல ஆனதும், கடைக்குப் பின்னால் இருக்கிற மணல் வெளிக்குப் பழைய கிரில் ஒன்றை இழுத்துவரச் சொன்னார். சிலிண்டரைத் தள்ளி வைத்தார். தீயை அமுக்கப் பெரிய டப்பா நிறையச் சோடா உப்பை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். எங்கள் இரண்டு பேரையும் தூரமாக நிற்கவைத்தார்.

முதலில் கழுவின தட்டைப் போட்டார். கம்பியின் மேல் ஒரு உருண்டைக் கொழுப்பை வைத்தார். உருகிச் சொட்டியது. நாக்கை நீட்டுவது போல ஒரு தீ எழுந்தது. எரிவதற்கு அதற்கு மேல் ஒன்றும் இல்லாததால் தானாகவே படுத்துவிட்டது.

"பாத்தீங்களா அண்ணாச்சி?"

"பாத்தேன்."

அடுப்பை அணைத்து, எல்லாம் ஆறுகிற வரைக்கும் காத்திருந்தார். அப்புறம் அந்தப் பழைய தட்டை, ஒரு வாரத்துக் கொழுப்போடு அப்படியே உள்ளே தள்ளினார். பற்றவைத்தார். அதே அளவு உருண்டை. தட்டு சூடேறுகிற வரை ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் ஒரு சொட்டு விழுந்தது.

தட்டு முழுக்கப் பிடித்துக்கொண்டது. ஆள் உயரத்துக்குத் தீ, கரும்புகை. நான் பின்னால் போய் மணலில் உட்கார்ந்தே விட்டேன். பேச்சிமுத்து அண்ணாச்சியின் கை, இடுப்புப் பக்கமாக எதையோ தேடி அலைந்தது. சொம்பைத்தான் தேடியிருக்கிறது. அங்கே சொம்பும் இல்லை, தண்ணீரும் இல்லை.

மாஸ்டர் அவசரப்படவில்லை. முதலில் கேஸை அடைத்தார். பிறகு நீளக் கம்பால் மூடியைத் தள்ளிச் சாத்தினார். அவ்வளவுதான். விளிம்பு வழியாகக் கொஞ்ச நேரம் புகை கசிந்தது. சோடா உப்புக்கு வேலையே வரவில்லை. மூடியை யாரும் தொடக்கூடாது என்று கையைக் காட்டிவிட்டு நின்றார்.

புகை நின்ற பிறகு சொன்னார்.

"இங்க யாரும் தண்ணி ஊத்தல அண்ணாச்சி."

அவர் கிரில்லையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஊத்தல" என்றார்.

"தீ எங்கருந்து வந்தது?"

அண்ணாச்சி மெல்லக் குந்தி மணலில் உட்கார்ந்தார். கடற்கரையில் ஐஸ் வண்டிக்காரன் மணி அடித்துக்கொண்டு போனான்.

"தேய்க்கேம்ப்பான்னு சொன்னான்" என்றார் அண்ணாச்சி. "எம் பிள்ளை சோப்பும் கையுமா வந்து நின்னு, தேய்க்கேம்ப்பான்னு சொன்னான். நான்தான் விடல. ஐயோ, நான்தானே விடல."

தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அப்படி ஒரு அழுகையை நான் சாவு வீட்டில்கூடக் கேட்டதில்லை. மாஸ்டர் அவர் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார். மாஸ்டர் கண்ணும் நிறைந்துதான் இருந்தது. ஈரம் இல்லை என்று நான் நினைத்தது தப்பு.

"தண்ணி ஊத்தினது தப்புதான் அண்ணாச்சி. அதனாலதான் தீ பையன் மேல வந்தது. அதை இல்லன்னு சொல்ல என்னால ஆகாது. ஆனா அது ரெண்டாவது தப்பு. அவங்க சொம்பைத் தொடுததுக்கு முன்னாலயே தீ அங்க இருந்தது."

"உங்களுக்கு இது எப்பத் தெரியும்?"

"அன்னைக்குச் சிரிச்சீங்களே, அப்ப."

அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.

"இதைப் போய் நான் அவகிட்டச் சொல்லவா?"

அண்ணாச்சியே தொடர்ந்தார்.

"சொன்னா அவ எம் மூஞ்சியில முழிப்பாளா? பிள்ளையும் போயிட்டான். எனக்குன்னு இருக்கது அவ ஒருத்திதான் மாஸ்டரம்மா. அவளும் என்னை வெறுத்துட்டான்னா நான் யாருகிட்டப் போவேன்?"

"அவங்களுக்கு ஒரு வார்த்தை கேட்டு வந்தீங்க. எங்கிட்ட இருக்கது இதுதான்."

அண்ணாச்சி எழுந்தார். மணலைத் தட்டிவிடக்கூட இல்லை. பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார்.

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. பஸ் வருகிற நேரத்துக்கு மாஸ்டர் வாசலைப் பார்ப்பார். நானும் பார்ப்பேன். ஒரு நாள் எனக்கு அடக்க முடியவில்லை.

"அந்த மனுசன் ஏதாவது பண்ணிக்கிட்டா யாரு பொறுப்பு? ஒரு பொய்யில உலகம் முழுகிப் போயிருமா மாஸ்டர்?"

அன்றைக்குக் கோழி இரண்டு தடவை கருகியது. வாங்க வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். ஜெசிந்தா மாஸ்டர் கையில் கோழி கருகி அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

பல நாள் கழித்து, ஒரு மத்தியானம் அண்ணாச்சி வந்தார். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. தாடி வெள்ளையாக முளைத்திருந்தது. வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். மாஸ்டர் கிரில்லை விட்டுவிட்டு எதிரே வந்து நின்றார்.

"சொல்லிட்டேன்" என்றார் அண்ணாச்சி.

"என்ன சொன்னாங்க?"

"முதல்ல ஒண்ணும் சொல்லல. திரும்பச் சொல்லுங்கன்னா. திரும்பச் சொன்னேன். பிள்ளை தேய்க்கேன்னு கேட்டானான்னா. கேட்டான்னேன். அதுக்கப்புறம் அடிச்சா. எங்க அடிக்கோம்னு பாக்கல. ரெண்டு கையாலயும் அடிச்சா. தெருவே கூடிட்டு. விலக்க வந்தவங்களை நான்தான் வேண்டாம்னு சொல்லிட்டேன். அடிச்சு ஓஞ்சு, வாசல்ல உக்காந்து, அவன் போன அன்னைக்கு அழாத அழுகையெல்லாம் அழுதா. இவ்வளவு நாளா ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவ."

மூச்சு வாங்கினார்.

"விடிஞ்சதும் அவ தம்பி வந்தான். கோவில்பட்டிக்குக் கூட்டிட்டுப் போயிட்டான். போகையில சொன்னா, இனிமே என்கிட்ட வராதீங்க, நான் செத்தாலும் வராதீங்கன்னு."

எனக்கு மாஸ்டரைப் பார்த்து, 'பாத்தீங்களா, நான் சொன்னேனா இல்லையா' என்று கேட்க வாய் வரை வந்துவிட்டது. எப்படியோ அடக்கிக்கொண்டேன்.

"தம்பி நேத்து போன் பண்ணினான்" என்றார் அண்ணாச்சி.

"ம்."

"அங்க சாப்பிடுதாளாம். குழம்பு ஊத்தி அந்தக் கையாலயே பிசைஞ்சு, எல்லாரையும் மாதிரி. இன்னும் ரெண்டு கரண்டி போடுன்னு கேட்டு வாங்கிச் சாப்பிடுதாளாம். தலைக்கு எண்ணெய் வச்சுக் குளிச்சாளாம்."

சொல்லும்போது அவர் முகம் மலர்ந்தது. அப்படியே கோணிக்கொண்டு அழுகையாகவும் ஆனது. எதைப் பார்த்துச் சந்தோசப்படுவது, எதைப் பார்த்து அழுவது என்று எனக்கும் தெரியவில்லை.

"நீங்க அன்னைக்கு ஒரு பொய் சொல்லியிருந்தீங்கன்னா, அவ எங்கூட இருந்திருப்பா மாஸ்டரம்மா."

"இருந்திருப்பாங்க."

அவர் தலையை ஆட்டினார். குறை சொல்வது போல ஆட்டவில்லை. உள்ளங்கை இரண்டையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, வயிறு ஒட்டிப்போய் உட்கார்ந்திருந்தார்.

மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் வந்தார்.

"நீங்க சாப்பிட்டீங்களா அண்ணாச்சி?"

பேச்சிமுத்து அண்ணாச்சி அவரை நிமிர்ந்து பார்த்து, இல்லையென்று தலையை அசைத்தார்.